22 வயதில் முடிந்த உத்தியோகம்

22 வயது என்பது எங்கள் காலத்தில் அரசு வேலைக்கான உத்தரவு கைக்கு வரும் வயது. எல்.டி.சி.யாகச் சேர்ந்து, கையெழுத்தைத் திருத்திக்கொண்டு, மேசைக்கு வரும் தபால்களுக்கு எண் போடக் கற்றுக்கொள்ளும் வயது. அதற்குப் பிறகு முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் இருக்கின்றன, முன்னேறவும், சலிக்கவும், ஓய்வு பெறவும். இன்று நான் எழுதப்போகும் இளைஞர் 17 வயதில் உத்தியோகத்தில் சேர்ந்தார். 21 வயதில் நாட்டுக்காக ஆடினார். 22 வயதில் எல்லாம் முடிந்துவிட்டது. உத்தியோகம், கோல்கீப்பர். பெயர், ஜான் தாம்சன். ஊர், ஸ்காட்லாந்து.

இந்தப் பக்கத்தில் நான் கால்பந்து பற்றி எழுதும்போதெல்லாம் கோல் அடித்தவர்களையே எழுதுகிறேன், தடுத்தவர்களை மறந்துவிடுகிறேன் என்று வாசக நண்பர் ஒருவர் செல்லமாகக் கோபித்துக்கொண்டார். நியாயமான பேச்சுதான். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு கோல்கீப்பர் என்றால் 'கார்தியேன்'. காவல்காரர் என்று பொருள். பெரிய கட்டடங்களின் வாயிலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும் அதே சொல்தான். திருடன் வராத நாளெல்லாம் அவரை யாரும் கவனிப்பதில்லை. திருடன் வந்துவிட்டுப் போன மறுநாள் எல்லோரும் அவரைத்தான் கேட்பார்கள். பத்துப் பேர் செய்யும் தவறுகள் ஆட்டத்தில் கரைந்துபோகும். பதினோராவது ஆள் செய்யும் தவறு மட்டும் பலகையில் எண்ணாக ஏறிவிடும்.

சுரங்கத்துப் பையன்

ஜான் தாம்சன் 1909 ஜனவரி 28 அன்று ஃபைஃப் மாவட்டத்தின் கிர்க்கால்டி ஊரில் பிறந்தான். வளர்ந்தது பக்கத்திலுள்ள கார்டென்டன் என்ற சுரங்க ஊரில். பூமிக்கு மேலே புகையும் கீழே நிலக்கரியும் உள்ள ஊர். அப்பா சுரங்கத் தொழிலாளி. 14 வயதில் பள்ளியை விட்டதும் பையனும் அதே பௌஹில் சுரங்கத்தில் இறங்கினான். சுமார் 300 கெஜம் ஆழத்தில், சங்கிலியில் வரிசையாக வரும் நிலக்கரி வண்டிகளின் கொக்கியைக் கழற்றிவிடும் வேலை. கண் ஒரு நொடி தப்பினால் கை போய்விடும். அந்தக் கைகள்தாம் பிற்பாடு பந்தைப் பிடித்தன.

சுரங்க வேலை என்பது அன்று எப்படிப்பட்டது என்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். 1920-களில் பிரிட்டனின் சுரங்கங்களில் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர் இறந்துகொண்டிருந்தார்கள். வீட்டை விட்டு வேலைக்குப் போன மனிதன் மாலையில் திரும்பி வருவான் என்பது அந்த ஊர்ப் பெண்களுக்கு உறுதி இல்லாத விஷயம். சனிக்கிழமை மட்டும் பையன்கள் வெளிச்சத்தில் ஆடினார்கள். ஃபைஃப் மாவட்டத்தில் ஊருக்கு ஊர் கால்பந்துக் குழு இருந்தது. பள்ளிக் குழு, பிறகு பௌஹில் குழு, பிறகு வெல்ஸ்லி ஜூனியர்ஸ் என்று நம் பையன் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கத் தொடங்கினான்.

1926-ஆம் ஆண்டு. மே மாதம் பிரிட்டன் முழுவதும் பொது வேலைநிறுத்தம். மற்றவர்கள் ஒன்பது நாளில் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் நவம்பர் வரை வெளியே நின்றார்கள். வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்த இலையுதிர் காலத்தில்தான் கிளாஸ்கோ நகரத்து செல்டிக் சங்கத்தின் ஆள் ஸ்டீவ் கல்லகன் ஃபைஃபுக்கு வந்தார். அவர் பார்க்க வந்தது தாம்சனை அல்ல, எதிரணியான டென்பீத் ஸ்டாரின் கோல்கீப்பரை. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரத்தில் அவருடைய கண் இந்தப் பக்கக் கம்பத்துக்குத் திரும்பிவிட்டது. ஆட்டம் முடிந்ததும் தெருவிலேயே, ஒரு கம்பத்தின்மேல் தாளை வைத்துப் பையனிடம் கையெழுத்து வாங்கிவிட்டார். விலை 10 பவுன். நம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டுப் பையனை முடித்துக்கொண்டு வருவது போல.

தாயாருக்கு இதில் விருப்பமில்லை. பையனுக்கு அடிபடும் என்ற பயம். ஆயிரம் பேர் சாகும் சுரங்கத்துக்கு அனுப்பிய வீட்டில் பந்தாட்டத்துக்குப் பயமா என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் சுரங்கம் ஊர் முழுவதும் பங்கிட்டுக்கொண்ட ஆபத்து. இது தன் பிள்ளை ஒருவனே தேடிப்போகும் ஆபத்து. தாய்க்கு இரண்டும் ஒன்றல்ல.

செல்டிக்கும் ரேஞ்சர்ஸும்

இனி அவர் என்று எழுதுவதே முறை. சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் ஆகிவிட்டார் அல்லவா.

அவர் சேர்ந்த சங்கத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். கிளாஸ்கோவில் பெரிய சங்கங்கள் இரண்டு. ரேஞ்சர்ஸ் 1872-இல் தொடங்கியது. செல்டிக் 1887-இல், அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஏழைக் கத்தோலிக்கர்களின் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் திரட்டுவதற்காக வால்ஃபிரிட் என்ற துறவி ஆரம்பித்தது. 1888 மே மாதம் செல்டிக் ஆடிய முதல் ஆட்டமே ரேஞ்சர்ஸுடன்தான். முதலில் நட்பாக இருந்த இரண்டு சங்கங்களும், நகரத்தில் மதமும் வேலைப் போட்டியும் கலந்து புகையப் புகைய, இரண்டு கட்சிகளாகிவிட்டன. பச்சை என்றால் கத்தோலிக்கர், நீலம் என்றால் புரொட்டஸ்டன்ட். ரேஞ்சர்ஸ் பல பத்தாண்டுகள் கத்தோலிக்க ஆட்டக்காரரைச் சேர்ப்பதில்லை என்று எழுதாத சட்டம் வைத்திருந்தது. 1989-இல் மோ ஜான்ஸ்டன் என்பவரைச் சேர்த்தபோது அது உலகச் செய்தியாயிற்று. செல்டிக் அப்படிப் பார்க்கவில்லை. நம் தாம்சன் புரொட்டஸ்டன்ட் குடும்பத்துப் பிள்ளை. கத்தோலிக்கச் சங்கத்தின் கோலைக் காத்தவர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வரும்.

1927 பிப்ரவரி 12 அன்று டண்டீ நகரில் முதல் ஆட்டம். வயது 18. மேலாளர் வில்லி மேலி பழைய கோல்கீப்பரை நிறுத்திவிட்டு இந்தப் பையனைத் துணிந்து இறக்கினார். செல்டிக் 2-1 என்று வென்றது. அந்த ஒரு கோல் பையனின் கை தவறியதால் விழுந்தது. மேலி அடுத்த ஆட்டத்திலும் அவரையே நிறுத்தினார். நம்மில் மேலதிகாரிகளாக இருந்தவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கலாம். புதிதாக வந்தவன் முதல் நாள் செய்த பிழைக்கு மெமோ கொடுக்காமல் மறுநாளும் அதே நாற்காலியில் உட்காரவைப்பது சாதாரண காரியமல்ல. அந்த ஏப்ரலிலேயே செல்டிக் ஈஸ்ட் ஃபைஃபை 3-1 என்று வென்று ஸ்காட்டிஷ் கோப்பையை எடுத்தது. இரண்டு மாத அனுபவத்தில் பையன் கழுத்தில் கோப்பைப் பதக்கம்.

உயரம் அப்படி ஒன்றும் அதிகமில்லை, ஐந்தடி ஒன்பது அங்குலம். இன்றைய கோல்கீப்பர்கள் பலர் ஆறடிக்கு மேல் நிற்கிறார்கள். ஆனால் தாம்சனின் பலம் உயரத்தில் இல்லை. பாய்வதில் இருந்தது. பந்து வரும் திசையை முன்கூட்டியே படித்து, பூனை போல் எழும்பி, இரண்டு கையாலும் பந்தைக் கவ்வி இறங்குவார் என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். இன்னொரு பழக்கமும் இருந்தது. எதிரணி ஆள் பந்தோடு தனியாக ஓடிவந்தால், கம்பத்தடியில் நின்று காத்திராமல், முன்னால் ஓடி அவன் காலடியிலேயே பாய்ந்து பந்தைப் பறித்துக்கொள்வார். தலை முன்னால், கை முன்னால். ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியது இதற்குத்தான். தாயார் தூங்காமல் கிடந்ததும் இதற்குத்தான்.

அந்தக் காலத்தில் கோல்கீப்பருக்குச் சட்டத்தில் இன்றுள்ள பாதுகாப்பு கிடையாது. பந்தைக் கையில் வைத்திருக்கும்போதே அவரைத் தோளால் இடித்துக் கம்பத்துக்குள் தள்ளலாம். அது ஆட்டத்தின் பகுதி. தலைக்குக் கவசமில்லை. அடிபட்டு வெளியே போனால் மாற்று ஆள் கிடையாது, மீதிப் பத்துப் பேரில் ஒருவர் போய் நிற்க வேண்டும். இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே 1965-இல்தான் வந்தது.

1930 பிப்ரவரியில் ஏர்ட்ரி அணியுடன் நடந்த ஆட்டத்தில் இதேபோல் காலடியில் பாய்ந்தபோது தாடை எலும்பு முறிந்தது. விலா எலும்புகளும் காறை எலும்பும் அடிபட்டன. இரண்டு பல் போயிற்று. வேண்டாமப்பா, விட்டுவிடு என்று தாயார் கெஞ்சினார். மகன் கேட்கவில்லை. எலும்பு கூடியதும் மறுபடி கம்பங்களுக்கு நடுவே நின்றார்.

பாரீஸில் ஒரு ஞாயிறு

அடிபட்ட மூன்று மாதத்தில், 1930 மே 18 அன்று, ஸ்காட்லாந்து அணிக்காக முதல்முறையாக ஆடினார். எதிரணி பிரான்ஸ். இடம், பாரீஸ் அருகே கொலோம்ப் மைதானம். 1924 ஒலிம்பிக் நடந்த அதே மைதானம். ஹியூகி கல்லகர் இரண்டு கோல் போட்டார். தாம்சன் ஒன்றும் விடவில்லை. 2-0.

அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்போது பிரெஞ்சு படித்த எனக்கு வேறு இரண்டு கோல்கீப்பர்கள் நினைவுக்கு வருகிறார்கள். ஒருவர் அலெக்ஸ் தெப்போ. அதே 1930 ஜூலை 13 அன்று உருகுவேயில் முதல் உலகக் கோப்பையின் தொடக்க நாளில் பிரான்ஸ் மெக்சிகோவுடன் ஆடியது. அரை மணி நேரத்துக்குள் தெப்போ எதிரணிக்காரரின் கால் பட்டு அடிபட்டு வெளியேறினார். மாற்று ஆள் இல்லாததால் நடுக்களத்தில் ஆடிய ஷான்த்ரெல் மிச்ச நேரம் முழுவதும் கோலில் நின்றார். பிரான்ஸ் 4-1 என்று வென்றது. ஆக, உலகக் கோப்பை என்ற கதையே ஒரு கோல்கீப்பரின் காயத்தோடுதான் தொடங்குகிறது.

இன்னொருவர் அல்ஜியர்ஸில் ஒரு சங்கத்தின் இளையோர் அணியில் கோல்கீப்பராக நின்ற 17 வயதுப் பையன். 1930-இல் காசநோய் வந்து அவனுடைய ஆட்டம் நின்றுபோயிற்று. ஆட்டம் நின்றதால் பேனாவைப் பிடித்தான். பெயர் ஆல்பர் கமுய். 1957-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். கம்பத்தடியில் தனியாக நிற்பவனுக்கு யோசிக்க நேரம் அதிகம் போலும்.

தாம்சனுக்கு 1931 நல்ல ஆண்டாகவே நடந்துகொண்டிருந்தது. மார்ச் 28 அன்று கிளாஸ்கோவின் ஹாம்டன் பார்க்கில் சுமார் 1,30,000 பேர் பார்க்க ஸ்காட்லாந்து இங்கிலாந்தை 2-0 என்று வென்றது. கோலில் தாம்சன். ஏப்ரலில் மதர்வெல்லுடன் கோப்பை இறுதி ஆட்டம். இரண்டு கோல் பின்தங்கியிருந்த செல்டிக் கடைசி நிமிடங்களில் சமன் செய்து, மறு ஆட்டத்தில் 4-2 என்று கோப்பையை எடுத்தது. கோடையில் அணி அமெரிக்காவுக்குக் கப்பலேறிப் போய் ஆடிவிட்டு வந்தது. சுரங்கத்தில் வண்டி கழற்றிய பையன் நியூயார்க்கைப் பார்த்துவிட்டான். திருமணம் நிச்சயமாகியிருந்தது.

செப்டம்பர் 5

1931 செப்டம்பர் 5, சனிக்கிழமை. ரேஞ்சர்ஸின் ஐப்ராக்ஸ் மைதானம். சுமார் 80,000 பேர். முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதி தொடங்கி ஐந்து நிமிடம். ரேஞ்சர்ஸின் முன்களத்து ஆள் சாம் இங்கிலிஷ் பந்தோடு தடுப்பாளர்களைத் தாண்டி ஓடிவருகிறார். எதிரே கோல்கீப்பர் மட்டும். தாம்சன் வழக்கம்போல் முன்னால் ஓடிக் காலடியில் பாய்ந்தார். பந்து விலகிப் போயிற்று. கோல் விழவில்லை. தாம்சனின் தலை இங்கிலிஷின் முழங்காலில் மோதியது.

இருவரும் விழுந்தார்கள். இங்கிலிஷ் நொண்டிக்கொண்டே எழுந்தார். கீழே கிடப்பவரைப் பார்த்த உடனே கையசைத்து உதவிக்கு ஆள் கூப்பிட்டவர் அவர்தான். கோலுக்குப் பின்னால் இருந்த ரேஞ்சர்ஸ் ரசிகர் கூட்டம் விஷயம் புரியாமல் கூச்சலும் கேலியுமாக இருந்தது. ரேஞ்சர்ஸ் அணித் தலைவர் டேவி மீக்கிள்ஜான் அவர்கள் பக்கம் போய் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். கூட்டம் படிப்படியாக அடங்கியது. ஒலிபெருக்கி இல்லை, ஒரு சொல் இல்லை. ஒரு மனிதரின் இரண்டு கைகள் தன் கட்சிக்காரர்களின் வாயை மூடவைத்தன. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தாம்சனை ஸ்ட்ரெச்சரில் எடுத்துப் போனார்கள். செல்டிக்கின் சிக் கீட்டன்ஸ் கோல்கீப்பர் சட்டையைப் போட்டுக்கொண்டு கோலில் நின்றார். ஆட்டம் தொடர்ந்தது. 0-0 என்று முடிந்தது. மண்டை ஓட்டில் உள்ளமுங்கிய முறிவு. பொட்டுப் பக்கத்து ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. விக்டோரியா மருத்துவமனையில் அறுவை செய்தும் பயனில்லை. இரவு 9.25-க்கு உயிர் பிரிந்தது. பெற்றோர் ஃபைஃபிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள்.

செல்டிக்குக்காக அவர் ஆடியது 188 போட்டிகள். அதில் 64 போட்டிகளில் ஒரு கோலும் விடவில்லை. நாட்டுக்காக நான்கு. அவ்வளவுதான் சர்வீஸ்.

நடந்து வந்தவர்கள்

கிளாஸ்கோவில் நடந்த நினைவு வழிபாட்டில் வேதாகமத்திலிருந்து வாசித்தவர் யார் தெரியுமா? எதிரணித் தலைவர் மீக்கிள்ஜான். செப்டம்பர் 9 அன்று பௌஹில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அந்தச் சின்னச் சுரங்க ஊருக்கு வந்தவர்கள் சுமார் 30,000 பேர். ரயில்கள் நிறைந்து வந்தன. அது பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். கிளாஸ்கோவில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையில்லை, ரயில் கட்டணத்துக்குக் காசில்லை. அவர்களில் பலர் சுமார் 55 மைல் நடந்தே வந்தார்கள். வழியில் இரவு வெட்டவெளியில் படுத்துக் கிடந்தார்கள். புதுச்சேரியிலிருந்து மாமல்லபுரம் வரை ஒரு பந்தாட்டக்காரருக்காக நடப்பதாக நினைத்துப் பாருங்கள். பச்சைக் கட்சியும் இருந்தது, நீலக் கட்சியும் இருந்தது. கத்தோலிக்கச் சங்கத்துக்கு ஆடிய புரொட்டஸ்டன்ட் பிள்ளையின் பெட்டியைச் செல்டிக் ஆட்டக்காரர்கள் தோளில் சுமந்தார்கள்.

இதையும் சொல்ல வேண்டும். ஏழு வாரம் கழித்து, அந்த அக்டோபர் கடைசி நாளில், தாம்சன் சிறுவனாக வேலை செய்த அதே பௌஹில் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டுப் பத்துப் பேர் இறந்தார்கள். சுரங்கத்தைவிடப் பந்தாட்டம் பத்திரமான பிழைப்பு என்று யாராவது அந்த ஊரில் நினைத்திருந்தால் தவறில்லை. இரண்டும் அந்த இலையுதிர் காலத்தில் ஒரே ஊரில் ஆளைக் கேட்டன.

காரணம்: விபத்து

என் உத்தியோகத்தில் சில ஆண்டுகள் இறப்புப் பதிவேடு என் மேசையில் இருந்தது. பெயர், வயது, தகப்பனார் பெயர், இறந்த இடம் என்று கட்டங்கள் போகும். ஒரு கட்டத்தில் 'இறப்புக்கான காரணம்'. அந்தக் கட்டம் சிறியது. ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு சொல் கொள்ளும். காய்ச்சல், மாரடைப்பு, விபத்து. எழுதி, மை ஒற்றி, பக்கத்தைத் திருப்பிவிடுவோம்.

தாம்சனின் சாவையும் விசாரித்தார்கள். அக்டோபரில் கிளாஸ்கோ நீதிமன்றத்தில் ஜூரிகள் முன் விசாரணை. மோதல் தற்செயலானது என்று முடிவு. அன்று எடுத்த செய்திப்படமும் இன்றுவரை இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு வேறு எதுவும் தோன்றாது. தாம்சனின் குடும்பத்தார் இங்கிலிஷ்மேல் பழி சொல்லவில்லை. ஆனால் செல்டிக் மேலாளர் மேலி விசாரணையில் கேட்டபோது, விபத்தாக இருக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை. கோப்பில் குறிப்பு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், இப்படிப்பட்ட ஒரு வாக்கியம் என்ன செய்யும் என்று. பையனை முதல் நாள் பிழைக்குப் பிறகும் கைவிடாத அந்த மனிதருக்கு துக்கம் கண்ணை மறைத்திருக்கலாம். ஆனாலும் அந்த வாக்கியம் ஒரு மனிதரின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

அந்த மனிதர் யார்? சாம் இங்கிலிஷ் அயர்லாந்தின் வடக்கே ஆகடோயி என்ற இடத்தில் பிறந்தவர். குடும்பம் பிழைக்க ஸ்காட்லாந்து வந்தது. அவர் கப்பல் கட்டும் துறையில் வேலை பார்த்தவர். ஒருவர் சுரங்கத்திலிருந்து, ஒருவர் கப்பல் துறையிலிருந்து. இருவரும் பந்தைப் பிடித்து மேலே வந்த தொழிலாளிப் பிள்ளைகள். ரேஞ்சர்ஸில் அவர் சேர்ந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. வயது 23.

அந்தப் பருவத்தில் இங்கிலிஷ் லீக்கில் மட்டும் 44 கோல் அடித்தார். ரேஞ்சர்ஸ் சங்கத்தில் ஒரே பருவத்தில் அவ்வளவு லீக் கோல் அடித்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை. ஆனால் மைதானம் மைதானமாக எதிரணி ரசிகர்கள் அவரைக் கொலைகாரன் என்று கூவினார்கள். 44 கோல் அடித்த ஆட்டக்காரரை யாராவது விற்பார்களா? 1932-இல் 8,000 பவுனுக்கு லிவர்பூலுக்குப் போனார். அங்கேயும் கூச்சல் பின்னால் வந்தது. பிறகு ஸ்காட்லாந்துக்குத் திரும்பினார், பிறகு சின்னச் சங்கம் ஒன்று. 1938-இல் ஆட்டத்தை நிறுத்திவிட்டார். அந்த மோதலுக்குப் பிறகு ஆடிய ஏழு ஆண்டுகளில் தனக்கு ஆட்டத்தில் சந்தோஷமே இல்லை என்று நண்பரிடம் சொல்லியிருக்கிறார். மறுபடி கப்பல் துறை வேலைக்கே போனார். 1967-இல், நரம்பைத் தின்று தசைகளை முடக்கும் நோயில் இறந்தார்.

ஆக, ஐப்ராக்ஸில் அந்தச் சனிக்கிழமை முடிந்தது ஓர் ஆட்டக்காரரின் உத்தியோகம் அல்ல, இரண்டு. ஒன்று ஐந்து மணி நேரத்தில் முடிந்தது. இன்னொன்று முடிய ஏழு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. முதலாவது எந்தப் பதிவேட்டிலும் ஒரு கட்டத்தில் அடங்கும். இரண்டாவதுக்குக் கட்டமே கிடையாது. ஜூரிகள் விபத்து என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். மைதானத்துப் படிக்கட்டில் நின்ற கூட்டம் அதை மூடவிடவில்லை. சட்டம் கொடுக்காத தண்டனையை ஊர் வாய் கொடுத்தது. இது கிளாஸ்கோவில் மட்டும் நடக்கும் சங்கதியா என்ன? லாரி ஓட்டுநர், பிரசவம் பார்த்த மருத்துவர், படகு புரண்டபோது சுக்கான் பிடித்திருந்தவர் என்று நாமும் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம்.

பிறகு மாறியவை

செல்டிக் உடனே ஒரு கோல்கீப்பரைத் தேட வேண்டியிருந்தது. அமெரிக்கப் பயணத்தில் தங்களுக்கு எதிராக நன்றாக ஆடிய கனடாக்காரர் ஜோ கென்னவேயை மேலி நினைவுகூர்ந்து வரவழைத்தார். அவர் பல ஆண்டுகள் அந்தக் கம்பங்களுக்கு நடுவே நின்றார்.

சட்டம் மட்டும் மெதுவாகத்தான் நகர்ந்தது. 1936 பிப்ரவரி 1 அன்று இங்கிலாந்தின் சண்டர்லேண்ட் அணிக்கு ஆடிய ஜிம்மி தார்ப், செல்சியுடன் நடந்த ஆட்டத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தபோது உதைபட்டார். ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். நான்காம் நாள் இறந்தார். அவருக்கு நீரிழிவு நோயும் இருந்தது. அவருக்கும் வயது 22. அந்தப் பருவத்தில் சண்டர்லேண்ட் லீக்கை வென்றபோது அவருடைய பதக்கத்தை மனைவியிடம் கொடுத்தார்கள். கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கும்போது அவர்மேல் காலை உயர்த்தக் கூடாது என்ற விதி அதற்குப் பிறகுதான் வந்தது.

அதற்குப் பிறகும் தோளால் இடிப்பது நிற்கவில்லை. 1957 எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆறாவது நிமிடத்திலேயே மான்செஸ்டர் யுனைடெட் கோல்கீப்பர் ரே வுட்டின் கன்ன எலும்பு உடைந்தது. அதற்கு முந்தைய ஆண்டு அதே இறுதி ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியின் பெர்ட் டிரவுட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையிலேயே கடைசிப் பதினேழு நிமிடம் ஆடி முடித்தார். கழுத்து முறிந்திருக்கிறது என்பது சில நாள் கழித்து எக்ஸ்ரேயில்தான் தெரிந்தது. நாம் இவற்றை வீரக் கதைகளாகச் சொல்கிறோம். எலும்பு ஓர் அங்குலம் தள்ளி முறிந்திருந்தால் இவையும் தாம்சன் கதையாகியிருக்கும்.

2006 அக்டோபரில் செல்சியின் பீட்டர் செக், ரெடிங் அணியுடன் ஆடும்போது, ஆட்டம் தொடங்கிய உடனேயே எதிராளியின் முழங்கால் பட்டு மண்டை ஓடு முறிந்து விழுந்தார். தாம்சனுக்கு நடந்த அதே மாதிரி. வயது 24. ஆனால் 75 ஆண்டுகள் நடுவில் கழிந்திருந்தன. மருத்துவம் வளர்ந்திருந்தது. மூன்று மாதத்தில் திரும்பி வந்தார், தலையில் ரக்பிக்காரர்களின் மெத்தைத் தொப்பியோடு. கடைசிவரை அந்தத் தொப்பியைக் கழற்றவில்லை. உங்கள் பேரப்பிள்ளைகளிடம் கேட்டால் அந்தத் தொப்பிக்காரரைத் தெரியும் என்பார்கள். தாம்சனைத் தெரியாது.

தாம்சனின் ஊரில் அவர் பெயரால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் போட்டி நடக்கிறது. 2008-இல் ஸ்காட்லாந்துக் கால்பந்தின் புகழ்க்கூடத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். ரேஞ்சர்ஸ் சங்கமும் தாமதமாக ஒரு காரியம் செய்தது. ஒவ்வொரு பருவத்திலும் லீக்கில் அதிகக் கோல் அடிக்கும் தன் ஆட்டக்காரருக்கு சாம் இங்கிலிஷ் பெயரில் ஒரு கிண்ணம் கொடுக்கிறது. உயிரோடு இருந்தபோது கேட்காத நல்ல வார்த்தை, கிண்ணத்தின்மேல் பெயராகவாவது எழுதப்பட்டிருக்கிறது.

நம் ஊர் மைதானங்களில் மாலையில் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்கப் போகும் நண்பர்கள் பலர் இதைப் படிக்கிறீர்கள். கோல்கீப்பர் விழுந்தால் முதலில் அவனைப் பாருங்கள். பிறகு, அவன்மேல் மோதியவனையும் பாருங்கள். அவனும் யாரோ ஒருவரின் பிள்ளை. கூட்டம் கூச்சலிட்டால் மீக்கிள்ஜான் போல் ஒருவர் கையைத் தூக்கினால் போதும். நம் வயதுக்கு அதற்குக் கொஞ்சம் மரியாதை இன்னும் மிச்சம் இருக்கிறது.

பழைய புதுச்சேரிக் கால்பந்து அணிகளில் கோலில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள். உங்கள் காயங்களின் கதையை அடுத்த முறை இங்கே பதிவிடுகிறேன்.